கண்ணும் கமெராவும்

எழில்மிகு காட்சிகளைக் கண்டு மகிழ்வோர் பலர். கைத்தொலைபேசியிலும் கமெரா அமைந்துவிட்ட இந்நாளில், அவற்றைப் படம்பிடிப்போரும் பலரே. ஆயினும், கண்ட அழகு படத்தில் வராமை ஏன்?

கண்ணின் இயல்பு வேறு. கமெராவின் இயல்பு வேறு. கண், ஒளியையும் நிழலையும் மாறிமாறி நோக்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வேண்டாதவற்றை மனம் ஒதுக்கிவிடும். கமெராவோ முன்னுள்ள யாவற்றையும் ஒரே ஒளியளவில் ஏற்கும். 1859 இல் உலாவிடமாக அமைந்து முடிந்த கொழும்புக் காலிமுகத்திடலில், சூரியன் கடலில் அமிழ்வதைப் படமாக்கினால், வானம் செவ்வனே பதியும். முன்னிற்கும் மாந்தர் கருநிழலாவர். இதனை முன்னரே அறிந்தவன், அந்நிழலையே படத்தின் அழகாக்கிக்கொள்வான்.

காலமறிதலும் வேண்டும். நண்பகலில் ஞாயிறு உச்சியை அணுகுவதால் நிழல் குறுகும். பனந்தோப்பும் வயலும் தட்டையாகத் தோன்றும். காலை மாலைகளில் கதிர் சாய்ந்து வருதலின் நிழல் நீண்டு, பொருள்களின் திரட்சி புலப்படும். அவ்வேளை ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடப்பதால், நீலம் பெரிதும் சிதற, பொன்மையும் செம்மையும் மிகும். மலைநாட்டிலோ மூடுபனியையும் கருதவேண்டும். ஹோட்டன் சமவெளியில் உள்ள உலக முடிவிலே, முற்பகலிலேயே பனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடுவதுண்டு. வைகறையிற் சென்றோர் காட்சியைக் காண்பர். பிந்திச் சென்றோர் வெண்டிரையையே காண்பர்.

ஆதலின், காட்சியைக் கண்டவுடன் கமெராவை உயர்த்துதல் தகாது. ஒளி எங்கிருந்து வருகின்றது, எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என ஆர அமர நோக்குக. அந்நோக்கே சுவைத்தல், நல்ல படம் அதன் பயன்.