'கேரர்' என்றால் யார்?

"நீங்கள் இவருடைய கேரரா?" என்று ஆஸ்பத்திரியில் தாதி கேட்டா. "இல்லை, நான் அம்மா" என்றேன். அவ 'இல்லை' என்ற பெட்டியில் கோடு போட்டா. மகனை வீட்டுக்கு விட்டபோது எந்த மாத்திரையைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவனுக்கு ஸ்கிட்சோஃபிரினியா. ஏழு நாளுக்கும் ஏழு கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியை நிரப்புவது சின்ன வேலை. காது கொடுத்துக் கிடப்பதுதான் பெரிய வேலை. இரவு மூன்று மணிக்குக் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டால் அவன் நித்திரை கொள்ளவில்லை. இரண்டு இரவு தொடர்ந்து கேட்டால் விடிந்ததும் கிளினிக்குக்கு ஃபோன் அடிப்பேன்.

ஆஸ்திரேலியாவில் பராமரிப்போரை, அதாவது கேரர்களை, அங்கீகரிக்கும் சட்டம் 2010இல் வந்தது. மனநோய் உள்ளவரைச் சம்பளமில்லாமல் பார்ப்பவரும் அதில் அடக்கம். பழங்குடியினரோ வேற்று மொழிக்காரரோ, எல்லோருக்கும் ஒரே உரிமை என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் தாய் என்பதால் மட்டும் ஒருவர் கேரர் ஆகிவிட மாட்டாராம்! மீறினார்கள் என்று கோர்ட்டுக்குப் போகவும் இந்தச் சட்டத்தில் வழியில்லை.

மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் நாங்கள் கூடுகிற குழுவில் பழங்குடிப் பெண் ஒருவர் இருக்கிறா. எல்லோருக்கும் 'ஆன்ரி'. அக்காவின் பேரனைப் பார்க்கிறா. "சொந்தப் பேரனா?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். அக்காவின் பேரன் வேறு, தன் பேரன் வேறா என்று எங்களிடம் பொரிந்தா. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்களுக்கும் தாயின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. இரண்டிலும் அம்மா இருக்கிறாவே.

அவவின் தாயைச் சிறுவயதில் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போனது. பழங்குடிப் பிள்ளைகளை இப்படிப் பிடுங்கும் கொடுமை 1970கள் வரை நடந்தது. 2008இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்றும் படிவத்தைக் கண்டால் ஆன்ரிக்கு நெஞ்சு பதறும். பெயர் பதியவே பயந்த ஊரிலிருந்து வந்த எனக்கு அது விளங்கும்.

நான் ஒருவழியாகப் பராமரிப்போருக்கு உதவும் கேரர் கேட்வேக்கு, 1800 422 737, அடித்தேன். ஆங்கிலம் தடக்கினால் முதலில் 131 450க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் நோயைப் பற்றி நான் சொன்னதில் பாதியை என் மகள் விழுங்கிவிட்டாள்.

ஆன்ரி இன்னும் அடிக்கவில்லை. "பாட்டி என்று ஒரு பெட்டி போட்டால் நிரப்புகிறேன்" என்கிறா.