வெண்டைத் தண்டில் ஒரு வரலாறு! - ஐம்பதைத் தாண்டிய பிறகு உலகம் கண்டுகொண்ட தார்ன்டன் டயல்

காய்த்து ஓய்ந்த வெண்டைச் செடியை என்ன செய்வோம்? வேரோடு பிடுங்கி ஓரமாகப் போடுவோம். அமெரிக்காவில் ஒருவர் அந்தக் காய்ந்த தண்டையும் வேரையும் எடுத்து, பழைய துணி, தகரம், கம்பி, இரும்புச் சங்கிலி எல்லாவற்றையும் சேர்த்து, மேலே பெயின்ட் அடித்து ஒரு படைப்பாக்கினார். இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் பெயர் தார்ன்டன் டயல். 1928-ல் அலபாமா மாநிலத்தின் எமெல் என்ற சிற்றூரில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பண்ணை வேலை. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு சரி. பிறகு பெஸ்ஸிமர் என்ற தொழில் நகரத்துக்கு வந்தார். அங்கே ரயில் பெட்டி தயாரிக்கும் புல்மன் தொழிற்சாலையில் சுமார் 30 ஆண்டுகள் உழைத்தார்.

ஆலை மூடியது, கை ஓயவில்லை!

1981-ல் ஆலை மூடப்பட்டது. ஐம்பதைத் தாண்டியவர் என்ன செய்வார்? மகன்களோடு சேர்ந்து வீட்டிலேயே இரும்பு நாற்காலி, மேசை செய்து விற்றார். மிச்ச நேரத்தில், கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு மனதில் தோன்றியதைச் செய்தார். இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். அதைக் 'கலை' என்று அவர் நினைத்ததே இல்லை. செய்தவற்றில் பலவற்றைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். சிலவற்றை மண்ணில் புதைத்தும்விட்டார்!

1987-ல்தான் திருப்பம். லோனி ஹாலி என்ற இன்னொரு சுயம்புக் கலைஞர், பில் ஆர்னெட் என்ற சேகரிப்பாளரை டயல் வீட்டுக்கு அழைத்து வந்தார். பார்த்த ஆர்னெட் வியந்துபோனார். அதன்பின் டயல் பெரிய பெரிய ஓவியங்களில் இறங்கினார். அவற்றில் அடிக்கடி ஒரு புலி வரும். அடி வாங்கினாலும் பணியாமல் பிழைத்து நிற்கும் கறுப்பின மனிதரின் அடையாளம் அது.

புகழோடு வந்த அடி

1993-ல் நியூயார்க்கில் ஒரே நேரத்தில் இரண்டு அருங்காட்சியகங்களில் அவரது கண்காட்சி நடந்தது. அதே சமயம், '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆர்னெட் போன்றவர்கள் படிக்காத கலைஞர்களைச் சுரண்டுகிறார்களோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. அது டயலின் பெயரையும் பாதித்தது. தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கத் தெரியாத அப்பாவியாகத் தன்னைக் காட்டிவிட்டார்களே என்ற வருத்தம் அவருக்கு. ஆனாலும் வேலையை அவர் நிறுத்தவில்லை.

சொல்லப்போனால், அவருடைய மிக வலுவான படைப்புகளில் பல அதற்குப் பிறகு வந்தவைதான். வெண்டைத் தண்டுப் படைப்பை 2004-ல் செய்தபோது அவருக்கு வயது 75-க்கு மேல். அதன் தலைப்பு, 'வரலாறு சாக மறுத்தது'. வெண்டை, அடிமை வணிகக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த பயிர். அந்தத் தண்டோடு சங்கிலியையும், மனிதர்கள் உடுத்திக் கழித்த துணியையும் சேர்த்தால் என்ன கதை வரும் என்று யோசித்துப் பாருங்கள்!

யாரிடம் கற்றார்?

'தானே கற்றவர்' என்றுதான் டயலைச் சொல்வார்கள். ஓவியப் பள்ளி வாசலை அவர் மிதித்ததில்லை என்பது உண்மை. ஆனால், இரும்பை வளைக்க ஆலை கற்றுக்கொடுத்தது. பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கும் அலபாமா பெண்களின் கைவேலை கண்ணெதிரே இருந்தது. பழைய பொருள்களை முற்றத்தில் அலங்காரமாக நிறுத்திவைப்பது அந்தப் பக்கத்துக் கறுப்பின மக்களின் வழக்கம். சான்றிதழ் தராத பள்ளிக்கூடங்கள் இவை.

2014-ல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு, அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்களின் 57 படைப்புகள் நன்கொடையாக வந்தன. அவற்றில் 10 டயலுடையவை. அந்தச் செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். 2016 ஜனவரியில், 87 வயதில் மறைந்தார். 2018-ல் அந்த நன்கொடைப் படைப்புகளை வைத்து நடந்த கண்காட்சிக்கு அவருடைய தலைப்பையே சூட்டினார்கள்: 'வரலாறு சாக மறுத்தது'!

அந்தப் படைப்பின் படம் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. மொபைலில் பெரிதாக்கிப் பாருங்கள். நம் வீட்டுக் கொல்லையில் பார்த்த அதே வெண்டைத் தண்டு கண்ணில் படும்!