செகோன் ஓட்டியது இந்த ‘நாட்’ அல்ல

போனக்காட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு அன்பர் தம் மகனுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர், துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் ‘நாட்’ ஜெட் விமான மாதிரி ஒன்றைப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் மேல் சிவப்பு விமானத்தின் படம். பையனுக்கோ அதைப் பரம் வீர் சக்ரா பெற்ற செகோனின் விமானமாகச் செய்து பள்ளிக் கண்காட்சியில் வைக்க ஆசை. வர்ணத்தை மாற்றி, இந்திய விமானப் படையின் வட்டச் சின்னத்தை ஒட்டினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. காரணம் வர்ணத்தில் இல்லை, விமானத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

‘நாட்’ என்றால் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி. பெட்டர் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் ஃபோலண்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த இந்தக் குட்டி விமானம் 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. பிறந்த நாட்டில் போர் விமானமாக அதை யாரும் சீந்தவில்லை. பெருமளவில் வாங்கிப் பயன்படுத்தியது நாம்தான், பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்தும் வந்தோம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளம் தாக்கப்பட்டபோது, நிர்மல்ஜித் சிங் செகோன் குண்டுமழைக்கு நடுவே மேலெழும்பிப் போரிட்டு உயிர் துறந்தது இந்த விமானத்தில்தான். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன், நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூரில் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களுடன் மறுபடி தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பெட்டியில் இருப்பது வேறு. பிரிட்டிஷ் விமானப் படை ‘நாட்’டைப் பயிற்சி விமானமாக மாற்றி எடுத்துக்கொண்டது. 1965 முதல் 1979 வரை ‘ரெட் ஏரோஸ்’ சாகசக் குழு பறந்தது அந்தச் சிவப்பு விமானங்களில். ஏர்ஃபிக்ஸ் போன்ற கம்பெனிகள் மாதிரியாக விற்றதும் பெரும்பாலும் அதைத்தான். இந்தப் பயிற்சி விமானத்தை இந்தியா வாங்கவே இல்லை. ஆகவே அதன் மேல் நம் சின்னத்தை ஒட்டினால், இல்லாத ஒரு விமானத்தைச் செய்ததாகிவிடும்.

வித்தியாசத்தைத் தம்பி கண்ணாலேயே பார்க்கலாம். செகோனின் விமானத்தில் ஒரே இருக்கை. பயிற்சி விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, அதற்கேற்ற நீண்ட கண்ணாடிக் கூண்டு. போர் விமானத்தில் காற்று உள்ளே போகும் வாய் இரண்டின் ஓரத்திலும் ஒவ்வொரு 30 மி.மீ. பீரங்கி உண்டு, மற்றதில் கிடையாது.

இனி அடிக்கோலை எடுக்க வேண்டும். 72-ல் ஒரு பங்கு அளவு என்றால், மாதிரியில் 1 மி.மீ. நிஜத்தில் 72 மி.மீ. போர் ‘நாட்’டின் இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர், நீளம் 8.74 மீட்டர். 72-ஆல் வகுத்தால் சுமார் 93 மி.மீ., 121 மி.மீ. பயிற்சி விமானமோ 7.32 மீட்டரும் 9.68 மீட்டரும், அதாவது சுமார் 102 மி.மீ., 134 மி.மீ. ‘இறக்கை நுனிகளை நாலு மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் சரியாகிவிடுமே’ என்று தோன்றும். ஆகாது. போர் விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 12.7 சதுர மீட்டர், மற்றதற்கு 16.3. பரப்பை நீளத்தால் வகுத்தால் சராசரி அகலம் கிடைக்கும்; அது மாதிரியில் முன்னதற்கு 26 மி.மீ., பின்னதற்கு 31 மி.மீ. இறக்கையே வேறு. திருப்புவதற்கு உதவும் அசையும் பலகைகளும் ஒன்றில் உடம்பை ஒட்டியும் இன்னொன்றில் நுனிப் பக்கமாகவும் இருக்கின்றன.

இத்தனையையும் வெட்டி ஒட்டித் திருத்துகிற கைதேர்ந்தவர்கள் உண்டு. பள்ளிப் பையனுக்கு அது வேண்டாத தலைவலி. இந்தப் பெட்டியைச் சிவப்பு விமானமாகவே செய்யட்டும். செகோனுக்கு ஒற்றை இருக்கைப் பெட்டியைத் தேடி வாங்கலாம். செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி கம்பெனி அதை வெளியிட்டிருக்கிறது. அதே கம்பெனியின் ‘அஜீத்’ பெட்டியை வாங்கிவிடக் கூடாது. அஜீத் என்பது எச்.ஏ.எல். திருத்திச் செய்த பிற்கால விமானம், 1975-ல்தான் பறந்தது. இறக்கையின் கீழ் ஆயுதம் தொங்கவிடும் இடங்கள் அதற்கு நான்கு, ‘நாட்’டுக்கு இரண்டு.

சரியான பெட்டியிலும் திருத்த வேலை இருக்கும். இறக்கையின் பின் விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால் நிஜத்தில் 36 மி.மீ. ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன்பே உட்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்க வேண்டும். தகட்டு இணைப்பைக் காட்டும் கோடு 0.3 மி.மீ. இருந்தால், நிஜத்தில் விரல் நுழையும் பள்ளம்! மக்கு பூசித் தேய்த்து அதைப் பாதி மறைக்கலாம். மூக்கில் நீட்டியிருக்கும் காற்றுவேகக் குழாயைப் பெட்டியிலேயே மிச்சமாகும் சட்டத்திலிருந்து செய்யலாம். ஒரு துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி, மெல்ல இழுத்தால் கம்பியாக நீளும். பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வட்டச் சின்னத்தில் வெளி வளையம் காவி, நடுவில் வெள்ளை, மையம் பச்சை. அச்சில் காவி சிவப்பாகத் தெரிந்தால் மேலே பூசித் திருத்துங்கள். உடம்பின் வர்ணத்துக்கு, தேதி தெரிந்த பழைய புகைப்படங்களை நம்புங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்துக்குப் பின்னாளில் மறுபடி பூசியிருப்பார்கள். 1971-ல் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.

போனக்காட்டுக்கென்று தனியாக ஒன்று. அகத்தியர் மலைப் பக்கத்து மூடுபனியில் லாக்கர் வர்ணத்தை ஸ்பிரே செய்தால், காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில் அதே வர்ணத்தை மெல்லிசாக இன்னொரு முறை அடித்தால் பெரும்பாலும் மறையும். எனாமலைத் தூரிகையால் பூசினால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் காய நாளாகும். அதுவரை தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடி வைக்க வேண்டும்.