இடிக்கப்பட்ட மதுக்கூடத்தின் தீக்குச்சி அட்டை

இரண்டு விரல் அகலத்தில் ஒரு மடிப்பு அட்டை. திறந்தால் உள்ளே வரிசையாகக் காகிதத் தீக்குச்சிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு கம்பிப் பின். மேலட்டையில் ஒரு கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பெரும்பாலும் ஒரு தென்னை மரமோ நீண்ட மூக்குள்ள கல்முகமோ. அமெரிக்காவின் டீக்கி மதுக்கூடங்கள் இதை வந்தவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தன. அந்தக் கூடங்களில் பல இன்று தரைமட்டம். அவை இருந்த காலத்தை அறிய நமக்கு எஞ்சியிருப்பவை இந்த அட்டை, மெனு, பீங்கான் குவளை, காக்டெய்ல் கலக்கும் பிளாஸ்டிக் குச்சி போன்ற சில்லறைப் பொருட்கள்தாம். இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களின் வேலை, வேடிக்கைப் பொழுதுபோக்கைவிடத் தொல்லியலுக்கே நெருக்கமானது.

டீக்கி பார் என்பது பசிபிக் தீவுகளைக் கனவாகக் கண்டு அமெரிக்கர்கள் கட்டிக்கொண்ட கூடம். 1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிவுக்கு வந்ததை ஒட்டி, எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சிறிய பார் திறந்தார். மூங்கிலும் மீன்வலையும் தொங்கவிட்டு, அப்போது மலிவாகக் கிடைத்த ரம்மைப் பழச்சாறுகளோடும் மசாலாப் பாகுகளோடும் கலந்து விற்றார். ‘டான் த பீச்கோம்பர்’ என்ற பெயர் கடைக்கும் அவருக்குமே நிலைத்துவிட்டது. ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் அதே பாணியில் ‘டிரேடர் விக்’ஸ்’ நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கிலிருந்து திரும்பிய வீரர்களின் நினைவுகள், 1959இல் ஹவாய் ஒரு மாநிலமானது, ஜெட் விமானப் பயணம் எல்லாம் சேர்ந்து இந்த மோகத்தை நாடு முழுக்கப் பரப்பின.

அதன் உச்சங்களில் ஒன்று, கடலே இல்லாத ஓஹையோ மாநிலத்தில் எழுந்தது. கொலம்பஸ் நகரின் ஈஸ்ட் பிராட் தெருவில் பில் சாப், லீ ஹென்றி என்ற இரு கூட்டாளிகள் 1961இல் ‘கஹிகி சப்பர் கிளப்’பைத் திறந்தார்கள். படகின் முனைபோல வானை நோக்கி வளைந்த பிரம்மாண்டக் கூரை. வாசலில் தலையில் நெருப்பு எரியும் கற்சிலைகள். உள்ளே ஒரு தீவுக் கிராமத்தின் குடிசைகளும், வாயே அடுப்பாக அமைந்த பேருருவச் சிலையும். ஒருபுறம் மீன்தொட்டிகள், மறுபுறம் கண்ணாடிக்கு அப்பால் செயற்கை மழையும் இடியும். நான்கு பேர் பகிர்ந்து குடிக்கும் ‘மர்ம பானம்’ ஒன்றும் உண்டு. பெரிய மணியை முழக்கி, புகை கிளம்பும் கிண்ணத்தை ஏந்தி ஒரு பெண் வந்து வைப்பார்.

1997இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பதிவு தனியார் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்காது. 2000 ஆகஸ்ட்டில் கஹிகி மூடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இடித்தும் விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு மருந்துக்கடை வந்தது. நாற்பது ஆண்டுகூட நிறையாத கட்டடம், சட்டத்தின் கண்ணுக்கு முன்னாலேயே போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இப்படிப் போன கூடத்தின் பொருள் ஒன்று கையில் கிடைத்தால், அதன் வயதை எப்படிக் கணிப்பது? தீக்குச்சி அட்டைக்கே திரும்புவோம். முதலில் முகவரியைப் பார்க்க வேண்டும். நம்முடைய பின்கோடுக்கு இணையான ஐந்து இலக்க ஜிப் கோடு அமெரிக்காவில் 1963 ஜூலையில்தான் வந்தது. அது அச்சாகியிருந்தால் அட்டை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. நகரப் பெயரை அடுத்து ஓரிரு இலக்க எண் மட்டும் இருந்தால் அது 1943இல் வந்த பழைய அஞ்சல் மண்டல முறை. அடுத்து தொலைபேசி எண். இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமுமாக இருந்தால் எழுத்துகள் வழக்கொழியாத காலத்தது. எழுத்துகளுக்குப் பதில் முழுக்க எண்களே என்ற மாற்றம் 1958 முதல் ஊர் ஊராக மெல்ல வந்ததால், இதை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிட முடியாது. மூன்றாவது, குச்சியை உரசும் பட்டை. பழைய அட்டைகளில் அது முன்பக்கம், குச்சிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உரசும்போது பொறி பறந்து மொத்தக் குச்சிகளும் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருந்ததால் 1970களில் அதைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். முன்பக்கப் பட்டையும், ஜிப் கோடு இல்லாத முகவரியும் சேர்ந்து வரும் கஹிகி அட்டை, கூடம் திறந்த முதல் ஓரிரு ஆண்டுகளுக்குரியதாக இருக்கலாம்; ஆனால் ஜிப் கோடு இல்லாததை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

குவளைகளின் கதை வேறு. மரச்சிலை முகம் பதித்த பீங்கான் குவளைகள்தாம் இந்தச் சேகரிப்பில் அதிக விலை போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் வார்க்கப்பட்டு, ஒடாகிரி போன்ற இறக்குமதி நிறுவனங்கள் வழியாக வந்தவை. செய்முறை எளிது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் நீர்த்த களிமண் குழம்பை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு படலம் இறுகும். போதிய கனம் ஏறியதும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காயவைத்துச் சுட்டு, கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுவார்கள். ஒரே அச்சைப் பலமுறை பயன்படுத்தினால் அதன் உள்விளிம்புகள் தேய்ந்துபோகும். அதனால் ஒரே வடிவக் குவளைகள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் சிலையின் பல்வரிசை கூர்மையாகவும் மற்றொன்றில் மழுங்கியும் இருக்கும். கூர்மையானது புது அச்சில் முதலில் வார்த்தது.

போலியைக் கண்டுபிடிக்கவும் இந்தக் களிமண்ணே உதவுகிறது. அது காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அசல் குவளையின் மேல் அச்செடுத்து நகல் வார்த்தால், நகல் அசலைவிடச் சிறிதாகத்தான் வரும். ஏழெட்டு சதவீதம் சுருங்கும் மண்ணாக இருந்தால், 15 சென்டிமீட்டர் உயரக் குவளையின் நகல் 14 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் விவரமான சேகரிப்பாளர் கையில் அளவுகோலோடு சந்தைக்குப் போகிறார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அதில் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், குவளையைவிடக் காகிதத்துக்கே மதிப்பு அதிகம் என்பேன். டான் த பீச்கோம்பரின் ‘ஸோம்பி’ என்ற புகழ்பெற்ற பானம் இதற்குச் சாட்சி. செய்முறை வெளியே கசியாமலிருக்க அவர் பாட்டில்களுக்குப் பெயரிடாமல் எண்ணிட்டார். கலந்து கொடுத்த ஊழியர்களுக்கே உள்ளே என்ன என்று தெரியாது. பல பத்தாண்டுகள் போலிச் செய்முறைகளே உலவின. ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர், அங்கே பணியாற்றிய தலைமைப் பரிசாரகர் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த 1930களின் குறிப்பேட்டைத் தேடிப் பிடித்தார். அதிலும் ‘மசாலா எண் 4’ போன்ற சங்கேதங்கள்தாம். பழைய ஊழியர் வட்டாரத்தில் விசாரித்துக்கொண்டே போய், அது இலவங்கப்பட்டைப் பாகு என்று கடைசியில் கண்டறிந்து, 2007இல் தன் நூலில் வெளியிட்டார். ஒரு சின்னக் குறிப்பேட்டைக் குடும்பத்தார் பழைய தாளோடு போட்டிருந்தால் அந்தச் சுவை அன்றோடு போயிருக்கும்.

இப்படிப்பட்ட குறிப்பேடுகளின் வழியே இன்னொரு உண்மையும் தெரிகிறது. முகப்பில் முதலாளியின் பெயர் மின்னினாலும், கவுண்டருக்குப் பின்னால் நின்று கலந்தவர்களில் ஏராளமானோர் பிலிப்பீனியர்கள். டானிடம் ஆரம்பக் காலத்தில் வேலை பார்த்த ரே புஹென், 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘டீக்கி டி’ என்ற சிறிய பாரைத் திறந்தார். அதை அவர் குடும்பமே தொடர்ந்து நடத்தி வருகிறது.

சேகரிப்பாளர்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. டீக்கி என்பது மாவோரி, மார்க்கேசஸ் மக்களுக்கு மூதாதையரின் உருவம். ‘மோவாய்’ எனப்படும் நீண்ட மூக்குள்ள கற்சிலைகள் ராப்பா நூயி தீவினரின் முன்னோர் வடிவங்கள். அவற்றை மதுக் குவளையாக்கியதைப் பசிபிக் தீவினர் பலர் வேதனையோடு சுட்டிக்காட்டுகிறார்கள். அது நியாயமான வேதனை. கஹிகிக் குவளையைக் காட்சிக்கு வைப்பவர், அது எந்தத் தீவின் உருவத்தை எப்படி மாற்றியது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பாதுகாப்பதில் பெரிய செலவில்லை. தீக்குச்சிகளைக் கழற்றிவிட்டு அட்டையை மட்டும் வைக்கலாம். தீ ஆபத்தும் போகும், துருப்பிடிக்கும் பின்னும் போகும். மெனுவை அமிலமில்லாத உறையில் வெயில் படாமல் வைக்க வேண்டும். மலிவான பிவிசி உறை மையை உறிஞ்சிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமிருந்து கிடைத்தது, அவர் எந்த ஆண்டு, யாரோடு அங்கே போனார், எங்கே உட்கார்ந்தார் என்பதைப் பென்சிலால் உறைமேல் எழுத வேண்டும். விற்பனையில் கைமாறும்போது முதலில் தொலைவது இந்தத் தகவல்தான். கஹிகி திறந்தபோது இருபது வயதில் பரிசாரகராகச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். குவளையை ஏலத்தில் எடுக்கும் முன், அவரைப் போய்ப் பார்த்து, சொல்வதை ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.