மழை விட்டதும் டென்னிஸ்

நேயர்களே, நாகூர்க் கடற்கரையில் எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உடனே குடித்துவிடும். சென்னை நுங்கம்பாக்கத்து டென்னிஸ் மைதானத்தில் அந்த வசதி கிடையாது. அது கெட்டித்தளம், மேலே அக்ரிலிக் பூச்சு. ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளி, மூலைகளைத் துண்டால் ஒற்றி எடுத்த பிறகுதான் ஆட்டம். ஈரத்தில் கால் வழுக்கினால் முழங்கால் போய்விடுமே!

அங்கேதான் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடக்கிறது. உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் 250 புள்ளிப் போட்டி இது. முதல் முறை 2022 செப்டம்பரில். செக் நாட்டின் லிண்டா ஃபுருவிர்தோவாவுக்கு அப்போது வயது 17. இறுதியாட்டத்தில் போலந்தின் மக்தா லினெட்டிடம் முதல் செட்டை இழந்தார். மூன்றாவது செட்டிலும் 1-4 எனப் பின்தங்கினார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று கோப்பையை எடுத்தார். அந்த நெஞ்சுரம் அபாரம்!

அடுத்த போட்டிக்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் கடைசியில், நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தது. தொடக்க ஆட்டங்கள் மழையில் தள்ளிப்போயின. நவம்பர் 2 அன்று இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என வென்றார். கோயம்புத்தூரைச் சேர்ந்த பதின்ம வயது வீராங்கனை மாயா ராஜேஸ்வரனின் ஆட்டத்தையும் கவனியுங்கள், நேயர்களே. நம் பெண்கள் இந்தக் கோப்பையைத் தூக்கும் நாளுக்காக ஆசையோடு காத்திருக்கிறோம்.