கேட்டுக்கு வெளியே நிற்கும் போலீஸ்

ஜே.என்.யு. வளாகத்தில் தடியோடு நிற்பவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் வாசலில் நிற்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு கடிதம்.

முனிர்கா கிராமத்துச் சந்துகளில் இரவு ஒன்பது மணிக்கும் இட்லி மாவு கிடைக்கும். டோகஸ் ஜாட் குடும்பங்கள் மாடி மேல் மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் மணிப்பூர் இளைஞர்கள், கேரள நர்சுகள், ஆராய்ச்சிப் பட்டத்தை இன்னும் முடிக்காத தமிழர்கள் என்று கலவையாகக் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து 615-ம் எண் பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்களில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசல் வந்துவிடும். சீருடைக் காவலர் அடையாள அட்டை கேட்பார். வெளியாள் என்றால் பதிவேட்டில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தோம் என்பதையெல்லாம் எழுத வேண்டும். பதற்றமான நாட்களில் அதே வாசலுக்கு வெளியே தில்லி போலீஸின் இரும்புத் தடுப்புகளும் வேனும் நிற்கும்.

ஊரிலிருந்து பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் இரண்டு பேரையுமே போலீஸ் என்றுதான் நினைக்கிறார்கள். உள்ளே நிற்பவர் போலீஸ் இல்லை.

சுமார் 1,019 ஏக்கர். பாறையும் முள்காடும் நீலான்களும் நிறைந்த ஆரவல்லி நிலம். இதைக் காப்பது பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு. மேலே ஒரு தலைமைப் பாதுகாப்பு அதிகாரி. அவருக்குக் கீழே விரல்விட்டு எண்ணக்கூடிய நிரந்தர ஊழியர்கள். மற்றபடி வாசல், நூலகம், விடுதி, நிர்வாகக் கட்டிடம் என்று ஷிப்ட் முறையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கம்பெனியின் காவலர்கள். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், சீருடை மாறும், சில சமயம் முகங்களும் மாறும்.

இவர்களை ஆள்வது 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவன ஒழுங்குமுறைச் சட்டம். அதன் கீழ் வந்த மத்திய அரசின் மாதிரி விதிகள், 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. போலீஸ் அல்லது ராணுவச் சீருடை போன்ற தோற்றத்தில் உடுத்தினால் தண்டனை உண்டு. கைது செய்யும் அதிகாரம்? உங்களுக்கும் எனக்கும் உள்ளதுதான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் தன் கண் முன்னே நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மேல் காவலர் கையில் இருப்பது ஒரு டார்ச்சும் வாக்கி டாக்கியும்தான்.

காவலர் எழுதித் தரும் அறிக்கை போய்ச் சேரும் இடம் தலைமைப் பிராக்டர் அலுவலகம். 'பிராக்டர்' என்பதற்குத் தமிழ் தேடி நான் பலமுறை தோற்றிருக்கிறேன். 'ஒழுங்குமுறை அதிகாரி' என்றால் முனிசிபல் ஆபீஸ் நெடி. 'கண்காணிப்பாளர்' என்றால் பரீட்சை ஹால் ஞாபகம். ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த சொல் இது. அங்கே பிராக்டர்களுக்குச் சொந்தமாகவே தொப்பி வைத்த கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். மாணவர்கள் 'புல்டாக்' என்று கேலி செய்த அந்தப் படை 2003-ல்தான் கலைக்கப்பட்டது. நமக்குப் பெயர் மட்டும் வந்தது, படை வரவில்லை. இங்கே பிராக்டர் ஒரு பேராசிரியர். விசாரிப்பார், அபராதம் போடுவார், விடுதியிலிருந்து வெளியேற்றுவார். 2023 இறுதியில் பேச்சுக்குள்ளான அலுவலகக் கையேடு, கல்விக் கட்டிடங்களுக்கு 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. இது மாணவர்களை மட்டும்தான் கட்டும். சுவர் தாண்டி வருபவனைப் பிராக்டர் என்ன செய்ய முடியும்?

அவனுக்காகத்தான் போலீஸ். வளாகம் வசந்த் குஞ்ச் வடக்குக் காவல் நிலைய எல்லையில் வருகிறது. துணைவேந்தர் அனுமதி இல்லாமல் போலீஸ் உள்ளே வரக்கூடாது என்று விடுதிகளில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. குற்றம் நடந்த இடம் பல்கலைக்கழகமானாலும் பலசரக்குக் கடையானாலும் போலீஸுக்கு ஒன்றே. அனுமதி என்பது மரபு. அந்த மரபுக்குப் பின்னால் கசப்பான நினைவுகள் உண்டு. 1975 செப்டம்பர் 25 அன்று, நெருக்கடி நிலையின்போது, மஃப்டியில் வந்த போலீஸார் வளாகத்திலிருந்து பிரபீர் புர்காயஸ்தாவைக் காரில் தூக்கிச் சென்றனர். தேடி வந்தது மாணவர் தலைவர் டி.பி. திரிபாதியை. ஆள் மாறிப்போனது. 1983-ல் துணைவேந்தர் முற்றுகையிடப்பட்டபோது போலீஸ் உள்ளே வந்து நூற்றுக்கணக்கானவர்களைத் திகாருக்கு அனுப்பியது. அதில் பத்து நாள் இருந்தவர்களில் ஒருவர், 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி.

மரபு எப்படி வளைகிறது என்பதைக் காண 2016 பிப்ரவரி போதும். 12-ம் தேதி போலீஸ் உள்ளே வந்து மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமாரைக் கைது செய்தது. அதே மாதம் உமர் காலித் உள்ளிட்டோர் வளாகத்துக்குத் திரும்பியபோது அதே போலீஸ் வாசலில் காத்திருந்தது. 23-ம் தேதி இரவு உமரும் அனிர்பன் பட்டாச்சார்யாவும் தாங்களாகவே வெளியே வந்து சரணடைந்தனர். இரண்டுக்கும் இடையே பதினொரு நாள்.

அதைவிட வலிக்கும் கணக்கு ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 15 அன்று ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்குள் தில்லி போலீஸ் புகுந்தது. நூலகத்தில் கண்ணீர்ப் புகை. கலவரக்காரர்களைத் துரத்தி வந்தோம் என்றது போலீஸ். அனுமதி கேட்கவே இல்லை என்றார் ஜாமியா பிராக்டர். சரியாக மூன்று வாரம் கழித்து, 2020 ஜனவரி 5 மாலை, ஜே.என்.யு.வில் முகமூடிக் கும்பல் இரும்புக் கம்பிகளோடு சாபர்மதி, பெரியார் விடுதிகளைத் தாக்கியது. (பெரியார் என்றதும் நம்மவர்கள் ஈ.வெ.ரா.வை நினைப்பார்கள். இங்கே விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். இது கேரள நதி.) மாணவர் சங்கத் தலைவர் ஐஷி கோஷுக்கு மண்டை உடைந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் எய்ம்ஸுக்குப் போனார்கள். பிற்பகலிலிருந்தே கட்டுப்பாட்டு அறைக்கு போன் மேல் போன். பல்கலைக்கழகத்தின் எழுத்து மூலமான வேண்டுகோள் சுமார் 7.45-க்குக் கிடைத்த பிறகே பெரும் போலீஸ் படை உள்ளே வந்தது. அதற்குள் தாக்கியவர்கள் போய்விட்டார்கள். ஓராண்டு கழிந்தும் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அன்று காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கம்பியோடு வரும் கும்பலை மறிக்க 160 மணி நேரப் பயிற்சி போதாது. ஆனால் யார் வந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதை எழுதி வைப்பதுதான் அவர்கள் வேலை.

அரசியல் இல்லாத குற்றத்தில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. 2022 ஜனவரி 17 இரவு வளாகச் சாலையில் நடந்துபோன ஆராய்ச்சி மாணவி சீண்டப்பட்டார். தகவல் கிடைத்ததும் போலீஸ் வந்தது, யாரும் கடிதம் கேட்கவில்லை. கேமராப் பதிவுகளை அலசி சில நாட்களில் ஆளைப் பிடித்தார்கள். பிடிபட்டவர் மாணவர் அல்ல, முனிர்காவில் குடியிருந்தவர். சென்னைக்காரர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். 2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக கிண்டி வளாகத்தில் மாணவியைத் தாக்கியவரும் பக்கத்துக் கோட்டூர்புரத்துக்காரர்தான். அவருக்கு 2025 ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டு. அங்கேயும் முதலில் எழுந்த கேள்வி, வாசலில் யார் யாரைக் கேட்டார்கள் என்பதே.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் குறைவு. யேல் பல்கலைக்கழகம் 1894-லேயே தனக்கென்று போலீஸ் வைத்துக்கொண்டது. இன்று அங்கே பல பெரிய பல்கலைக்கழகங்களின் போலீஸ், துப்பாக்கியும் கைது அதிகாரமும் கொண்ட முழுப் போலீஸ். அது எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு அல்ல. ஆனால் 1990-ல் வந்த கிளெரி சட்டம் நமக்கும் ஆகும். 1986-ல் விடுதி அறையில் கொல்லப்பட்ட மாணவி ஜீன் கிளெரியின் பெற்றோர் போராடி வாங்கியது. வளாகத்தில் என்னென்ன குற்றம் நடந்தது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. கேட்டால் பல்கலைக்கழகம் போலீஸைக் காட்டும், போலீஸ் பல்கலைக்கழகத்தைக் காட்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் வேறொரு யோசனை சொன்னது: முள்கம்பிச் சுவர், கேமரா, வளாகத்துக்குள்ளேயே போலீஸ் நிலையம். கேமராக்கள் வந்தன. போலீஸ் நிலையம் என்ற பேச்சை எடுத்தாலே கங்கா தாபாவில் டீ ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். ஒரு பக்கம் 1983-ஐச் சொல்வார்கள், மறு பக்கம் 2020 ஜனவரியைச் சொல்வார்கள்.

இன்னொரு பெயரையும் யாராவது எடுப்பார்கள். மாஹி மாண்டவி விடுதியிலிருந்து 2016 அக்டோபர் 15 அன்று காணாமல் போன நஜீப் அகமது. தில்லி போலீஸ் தேடியது, பிறகு சி.பி.ஐ. தேடியது. வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்ற சி.பி.ஐ. அறிக்கையைத் தில்லி நீதிமன்றம் 2025 ஜூன் 30 அன்று ஏற்றுக்கொண்டது. நஜீப் கிடைக்கவில்லை.