சின்ன விமானமும் பெயிண்ட் வாடையும்



பொம்மை செய்வது, துணியில் பெயிண்டிங் என்று நம் குழுக்களில் பலர் தொழில் செய்கிறோம். இந்த மாதம் வெளிநாட்டுக் கைவேலை ஒன்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பலர் பழைய போர் விமானங்களைப் பிளாஸ்டிக் மாடலாகச் செய்கிறார்கள். 1917-ல் போருக்கு வந்த 'சாப்வித் கேமல்' விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 8.5 மீட்டர். 72-ல் ஒரு பங்காகக் குறைத்த மாடலில் அது 12 செ.மீ.தான். ஒரு சாண் கூட வராது!

எப்படிச் செய்வது?

1. சட்டத்தோடு வரும் பாகங்களை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்.

2. இதற்கு மேலும் கீழும் இரண்டு இறக்கை. மேல் இறக்கையை ஒட்டிவிட்டால் உள்ளே பிரஷ் போகாது. அதனால் முதலில் பெயிண்ட், அப்புறம்தான் ஒட்டணும்.

3. கடைசியில், இறக்கைகளுக்கு நடுவே இருந்த கம்பிகளுக்குப் பதிலாக மெல்லிய நூல் கட்டணும்.

நிஜ விமானத்தின் இறக்கை, மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. அந்தத் துணியைத் தைத்ததில் பெண்கள் ஏராளம். துணி விறைப்பாக நிற்க 'டோப்' என்ற வார்னிஷ் பூசினார்கள். அதில் கலந்திருந்த டெட்ராகுளோரோஈத்தேன் என்ற ரசாயனத்தின் ஆவி ஈரலைக் கெடுத்தது. 1914-1916 ஆண்டுகளில் பிரிட்டன் தொழிற்சாலைகளில் மஞ்சள் காமாலை வந்து சிலர் இறந்தே போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ரசாயனத்தைக் கைவிட்டார்கள்.

பசை, தின்னர், எனாமல் பெயிண்ட் எடுக்கும்போது நாமும் கதவு, ஜன்னலைத் திறந்து வைப்போம். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். தலை சுற்றினால் வேலையை நிறுத்திவிட்டு உடனே வெளியே வாங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோரும் பேசுங்கள்.